ஒரே வார்த்தை, ஒரே நேரம்

அத்தியாயம் 14

புதன்கிழமை வந்த கடிதம் ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அரிசி டப்பாவின் மேலேயே இருந்தது. உலைக்கு அரிசி எடுக்கும்போது பேராச்சி அதை எடுத்துப் பக்கத்தில் வைப்பாள். டப்பாவை மூடியதும் திரும்ப மேலே வைப்பாள். நாலு நாளாக அப்படித்தான்.

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு வராது. மகள் சண்முகவடிவுதான் படித்துக் காட்டினாள். படிக்கிறபோது இரண்டு இடங்களில் வடிவின் கண் காகிதத்தில் இல்லை. பார்க்காமலே வரி வந்தது. அந்தக் கடிதத்தை டைப் அடித்த கை யாருடையது என்று பேராச்சி அப்போதே தெரிந்துகொண்டாள். கேட்கவில்லை.

வடிவுக்கு மாட்டுங்காவில் வேலை. புதுமழை ஜெபவீட்டின் தலைமை ஆபீஸில் டைப்பிஸ்ட். அங்கே அவளை ஷாரன் என்று கூப்பிடுகிறார்கள்.

ஆனால் அந்த ஜெபவீடு பிறந்தது மாட்டுங்காவில் அல்ல. தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், பேராச்சியின் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பிறந்தது. 1978-ல் அவள் கணவர் கணேசபாண்டியன் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது, கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்த தனசிங் என்பவர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபித்தார். காமாலை இறங்கியது. மருந்தால் இறங்கியது என்று கணேசபாண்டியன் இன்றைக்கும் சொல்வார். அந்த வழக்குக்கு ஒன்பது வருஷமாக வீட்டில் தீர்ப்பு வரவில்லை. எப்படியோ, அடுத்த ஞாயிறு ஏழு பெண்கள் அந்த அறையில் கூடினார்கள்.

பிறகு செம்பூரில் ஒரு காலனி வீட்டு ஹாலில் ஒரு கிளை. குர்லாவில் பழைய இரும்புக் கிடங்குக்கு மேலே ஒன்று. கடைசியில் மாட்டுங்காவில் வாடகை மண்டபம், நாற்காலிகள், கீபோர்டு, ஆபீஸ். கிளார்க் தனசிங் வேலையை விட்டுவிட்டுப் பாஸ்டர் தனசிங் ஆனார். ஒரு மனிதர் காலை பத்து மணிக்கு நாலு இடத்தில் இருக்க முடியாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் கேசட். சனிக்கிழமை மாலை மாட்டுங்காவில் பேசுவார். அது பதிவாகும். பிரதி எடுத்து ஒவ்வொரு கிளைக்கும் போகும். ஞாயிறு காலை டேப் ரிக்கார்டரை மேஜைமேல் வைத்துப் பட்டனை அழுத்துவார்கள். 'ஒரே வார்த்தை, ஒரே நேரம்' என்று மண்டபத்தில் போர்டே எழுதி மாட்டியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தாராவியில் அந்தத் தவறு நடந்தது. கேசட்டின் முதல் பக்கம், "எல்லோரும் கண்களை மூடுங்கள்" என்ற இடத்தில் தீர்ந்துவிட்டது. எல்லோரும் மூடினார்கள். கேசட்டைத் திருப்பிப் போட வேண்டிய பூலோகமும் பக்தியோடு மூடிக்கொண்டார். நாற்பது பேர் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். ஏதோ ஒரு குழந்தை சிரித்தது. அப்போது பேராச்சி வாயைத் திறந்தாள்.

பிரசங்கத் தமிழ் அவளுக்குத் தெரியாது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் நெற்றியில் தையல் போட்டவள், மில் மூடியதிலிருந்து வேலை இல்லாதவன், அடுத்த வீட்டு அக்தர் பானுவின் நிறைமாதக் கர்ப்பிணி மகள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டாள். அறை முழுக்க அழுதது. இரண்டாவது பக்கத்தை யாரும் திருப்பவே இல்லை.

செய்தி மாட்டுங்காவுக்குப் போனது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஞாயிறு காலை பாஸ்டரே தாராவிக்கு வருகிறார். பூலோகத்தைக் கிளைக்குப் பொறுப்பாளர் ஆக்குகிறார். சகோதரி பேராச்சி சபை முன் மன்னிப்பு வாசிக்க வேண்டும், வாசகம் இணைக்கப்பட்டுள்ளது. தவறினால் தாராவிக் கூட்டம் மூடப்படும்.

*

கணேசபாண்டியன் சபையில் சேராதவர். ஞாயிறு ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி, சுவரிலிருக்கும் திருச்செந்தூர் முருகன் படத்தை எடுத்துத் துண்டில் சுற்றிப் பரண்மேல் வைப்பார். பிறகு டீக்கடைக்குப் போய் ஒரு மணிவரை உட்கார்ந்திருப்பார். முருகனுக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு வேண்டும் என்பார். குர்லாவில் லேத் பட்டறையில் ஆறு நாள் நிற்கிற மனிதருக்கு லீவின் அருமை தெரியும்.

இன்றைக்குப் படத்தைப் பரணில் வைத்த பிறகும் ஸ்டூலை விட்டு அவர் இறங்கவில்லை.

"கேக்கப் போறியா?" என்றார்.

பேராச்சி பாயை உதறிக்கொண்டிருந்தாள். "எதை?"

"மன்னிப்ப."

"நீங்க டீ குடிக்கப் போகலியா?"

"ஒம்போது வருசமா என்னைய வெளிய அனுப்பிட்டு நீ உள்ள இருந்து பேசுன. நான் ஒரு வார்த்த சொன்னனா? இப்ப ஒன்னையவே வாய மூடிக்கிடச் சொல்லுதான். பொறவு நான் எதுக்கு வெளிய போகணும்?"

பேராச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பாயை விரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் இறுகியிருந்ததை வடிவு பார்த்தாள்.

அடுப்படியில் தாயும் மகளும் மட்டும் நின்றபோது வடிவு மெல்ல ஆரம்பித்தாள். அந்தக் கடிதத்தை அடிக்கச் சொன்னபோது மாட்டேன் என்று சொல்லத் தனக்கு வாய் வரவில்லை என்றாள். பேராச்சி அவளை முடிக்க விடவில்லை.

"தெரியும்ட்டி. ஒன் வேல அது. அடிச்சவளே படி. நான் படிச்சா நாளைக்குத்தான் முடியும்."

"எம்மா, நெசமாவே படிக்கணுமா?"

"ஒரு எழுத்து விடாம."

*

கார் சந்துக்குள் வராது. பாஸ்டர் தனசிங் சாக்கடைமேல் போட்ட பலகைகளில் கால் வைத்து நடந்து வந்தார். பூலோகம் முன்னால் டேப் ரிக்கார்டரைக் குழந்தையைப் போல் ஏந்தி வந்தார். இன்று பாஸ்டர் பேசுவது இங்கேதான் என்பதால் பதிவும் இங்கேதான். செம்பூருக்கும் குர்லாவுக்கும் ஆராதனையை மாலை ஐந்து மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கேசட்டை மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்து இரண்டு இடத்துக்கும் சேர்ப்பது வழக்கம்போல் வடிவின் வேலை.

வாசலில் நின்று பூலோகம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. குழாயடிக்குப் போய் ஒரு குடம் தண்ணீரோடு திரும்பிய பேராச்சியிடமும் அதையே சொன்னார்.

"செருப்ப வெளிய போட்டுட்டு, சத்தம் போடாம வந்து உக்காருங்க."

அவள் சொந்த வீடு அது. பேராச்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு காலத்தில் அவர் முதுகு சாய்த்து உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்ட மூலையில் இப்போது மேஜை இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. அடுப்படிப் பக்கமாக வந்து தாழ்ந்த குரலில் பேராச்சியிடம் காரணம் சொன்னார். கிளைக்கு ஒரு குரல் கிளம்பினால் அடுத்த வருஷம் கிளைக்கு ஒரு சபை ஆகிவிடும் என்றார். மற்ற ஊர்களில் அப்படி உடைந்து போனவற்றைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு நிமிஷம் அந்தத் தாளை வாசித்தால் போதும். பிறகு எல்லாம் பழையபடி. அவள் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினாள் என்று அவர் கேட்கவில்லை.

பாட்டின் கடைசி அடி வந்தது. பூலோகம் பதிவுப் பட்டனை அழுத்தினார். மனம் திரும்புகிறவர் பேசும்போது அவருக்குக் கூச்சம் வராமலிருக்க மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வது அந்தச் சபையின் வழக்கம். பாஸ்டர் அப்படியே சொன்னார். நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். பூலோகமும் மூடினார்.

வாசலில் கணேசபாண்டியன் மட்டும் திறந்த கண்ணோடு நின்றார். டீக்கடைக்கு அவர் போகவே இல்லை.

வடிவு தாளைப் பிரித்தாள்.

"தாராவிக் கிளையைச் சேர்ந்த பேராச்சியாகிய நான், ஒலிநாடா முடியுமுன்பே, அனுமதியின்றி ஜெபித்தேன்."

"ஆமா," என்றாள் பேராச்சி. "ஜெபிச்சேன்."

வடிவு நிமிர்ந்தாள். படி என்பதுபோல் அம்மா மோவாயை அசைத்தாள்.

"அதனால் சபையின் ஒழுங்கு கெட்டது."

"இல்ல. கேசட்டு நின்னுபோச்சு. ஒழுங்கு அப்பமே கெட்டுட்டு. நின்னுபோனத நான் ஓட்டுனேன்."

யாரோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பாஸ்டர் பூலோகத்தைப் பார்த்து, நிறுத்து என்று கையைக் காட்டினார். பூலோகத்தின் கண்கள் மூடியிருந்தன. நிறுத்தச் சொல்லும் தன் குரல் கேசட்டில் ஏறுவதைப் பாஸ்டர் விரும்பவில்லை. மறுபடியும் கையைக் காட்டினார்.

"அதற்காக மனம் வருந்துகிறேன்," என்று வடிவு படித்தாள்.

"அது பொய். ஆண்டவருக்கு முன்னால பொய் சொல்லச் சொல்லாதீங்க பாஸ்டர்."

"இனி ஒலிநாடா ஓடும்போது வாய் திறக்க மாட்டேன்."

"ஓடும்போது தொறக்க மாட்டேன். நிக்கும்போது தொறப்பேன்."

இப்போது பாதிப்பேர் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாஸ்டரின் வாயிலிருந்து அவரை அறியாமல் ஒரு வார்த்தை வந்தது.

"அக்கா."

இரண்டு வருஷமாக அவர் அவளைச் சகோதரி என்றுதான் சொல்லி வந்தார். பேராச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"தம்பி, ஒங்க வாய் நாலு எடத்துல பேசுது. நல்லது. ஒங்க காது நாலு எடத்துல கேக்குமா? செம்பூர்ல ஒருத்திக்கு என்ன நோவுன்னு இந்தப் பொட்டிக்குத் தெரியாது. பக்கத்துல உக்காந்திருக்கவளுக்குத்தான் தெரியும்." அவள் சபையின் பக்கம் திரும்பினாள். "அதனால யாரு கிட்டயும் உத்தரவு கேக்காண்டாம். அவங்கவங்க வாயத் தொறந்து…"

டக்.

பாஸ்டர் தாமே போய்ப் பட்டனை அழுத்தியிருந்தார்.

*

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. தாராவிக் கூட்டம் இன்றோடு மூடப்படுகிறது என்று பாஸ்டர் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, களைத்த மனிதரைப் போலச் சொன்னார். மேஜையும் பாய்களும் தலைமைச் சபைக்குச் சொந்தம் என்பதால் பூலோகம் அவற்றைச் சுருட்டினார். பதினைந்து பேர் எழுந்து பாஸ்டர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் பாய் உருவப்பட்ட வெறும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்தர் பானு, தன் வீட்டுக் கோரைப்பாய்கள் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். விரித்துவிட்டுப் போனாள்.

காரில் ஏறுமுன் பாஸ்டர் வடிவைக் கூப்பிட்டார். இன்றைய கேசட் வேண்டாம். ஆபீஸ் பீரோவில் போன மாதத்துக் கேசட் இருக்கிறது, அதைச் செம்பூருக்கும் குர்லாவுக்கும் கொடுத்துவிடு என்றார். இன்றைய கேசட்டை அவள் கையிலேயே கொடுத்து, அழித்துவிடச் சொன்னார். அவள்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மாலை மாட்டுங்காவில் தாமே பேசுவதாகவும் சொன்னார்.

"சரி பாஸ்டர்," என்றாள் வடிவு. அந்த ஆபீஸில் இரண்டு வருஷமாக அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

*

ஞாயிறு மதியம் ஆபீஸில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாகக் கோயில் வாசலில் பூக்காரிகள் தூங்குவது தெரிந்தது. வடிவு பீரோவைத் திறந்து பழைய கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். பக்கத்தில் இன்றைய கேசட்டை வைத்தாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே கனம்.

இன்றைய கேசட்டை மெஷினில் போட்டுக் கேட்டாள். பாட்டு. பாஸ்டரின் குரல். பிறகு தன் குரல். அது யாரோ தெரியாத பெண்ணின் குரல்போல், ஆற்றின் அக்கரையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. பிறகு "ஆமா. ஜெபிச்சேன்." அறையே அம்மாவின் குரலால் நிரம்பியது. இந்த மெஷினில் இதுவரை எத்தனையோ கேசட் பிரதி எடுத்திருக்கிறாள். அம்மாவின் குரல் அதிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

அழிக்கிற பட்டன் சிவப்பு. அவள் விரல் அதன்மேல் இருந்தது. அழுத்தினால் திங்கட்கிழமை வேலை இருக்கும். ஷாரன் என்ற பெயர் இருக்கும். அம்மா இன்று சொன்னது அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையோடு முடிந்துவிடும்.

விரலை எடுத்தாள். புதுக் கேசட் இரண்டைப் பிரித்தாள்.

பிரதி ஓடி முடிவதற்குள் டைப்ரைட்டரில் சின்னத் தாள் சொருகி லேபிள் அடித்தாள். எப்போதும் 'பாஸ்டர் தனசிங் - செய்தி' என்றுதான் அடிப்பாள். இன்றைக்கு 'பேராச்சி - தாராவி' என்று இரண்டு தடவை அடித்தாள். பழைய கேசட்டை மேஜையிலேயே விட்டு, அதன்மேல் பீரோ சாவியை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினாள்.

மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் கணேசபாண்டியன் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குப்பா வந்தீங்க?"

"ரெண்டு எடம், அஞ்சு மணி. ஒரு ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியுமா? ஒங்க பாஸ்டருக்கே முடியலியே." பீடியை மிதித்து அணைத்தார். "குர்லாவ எங்கிட்ட குடு. கிடங்கு எனக்குத் தெரியும். நம்ம பட்டறைக்குப் பின்னாலதான்."

"ஏன் வடிவு வரலன்னு கேப்பாங்க."

"ஒனக்குக் காய்ச்சல்னு சொல்லுதேன்."

"பொய் சொல்லாதீங்கப்பா."

"ஒங்க அம்மைதான் சொல்லக் கூடாது. நான் ஒங்க சபை இல்லல்லா."

ரயிலில் இடம் கிடைத்தது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சயான் தாண்டி வலது பக்கம் உப்பளம்போல் வெளுத்த வானம் தெரிந்தது. உலகத்தில் எல்லா ரயில்களும் யாரோ ஒருவரின் செய்தியைச் சுமந்துகொண்டுதான் ஓடுகின்றன என்று வடிவுக்குத் தோன்றியது. குர்லாவில் இறங்கும்போது அப்பா கேசட்டைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

"எந்தப் பட்டன அமுக்கணும்?"

"நடுவுல உள்ளது."

அவர் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கூட்டத்தில் மறைந்தார். வடிவு ஹார்பர் லைன் பிளாட்பாரத்துக்கு ஓடினாள்.

*

செம்பூர் கிளை மூன்றாவது மாடியில் இருந்தது. அதைக் கவனித்துக்கொள்கிறவர் அம்மிணி டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசிக் குரல் கரகரத்துப் போன விதவை. இங்கே ஆறு வருஷமாக அவர் பேசியதில்லை. பட்டனை அழுத்துவார், திருப்பிப் போடுவார், மறுபடி அழுத்துவார்.

வடிவு நுழைந்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிஷம். டீச்சர் லேபிளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி இன்னொரு தடவை பார்த்தார். வடிவின் முகத்தைப் பார்த்தார். கேசட்டைப் போட்டு அழுத்தினார்.

ஐந்து மணி. குர்லாவில் அப்பாவும் நடுப் பட்டனை அழுத்தியிருப்பார்.

முப்பது பேர் கேட்டார்கள். "நின்னுபோனத நான் ஓட்டுனேன்" என்ற இடத்தில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "அது பொய்" என்ற இடத்தில் யாரும் அசையவில்லை. "செம்பூர்ல ஒருத்திக்கு என்ன நோவுன்னு" என்று கேட்டதும் மூன்றாவது வரிசையில் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடினாள்.

"அவங்கவங்க வாயத் தொறந்து…"

டக். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல், தூரத்து மழைபோல.

டீச்சரின் கை வழக்கப்படி மெஷினை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

வடிவு மட்டும் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். ஓர் ஆட்டோவிலிருந்து பூலோகம் இறங்கிக்கொண்டிருந்தார். பாய்களை ஆபீஸில் போட வந்த இடத்தில் கண்டிருக்க வேண்டும், மேஜையில் அவள் விட்டுவந்த பழைய கேசட் அவர் கையில் இருந்தது. மீட்டரைக்கூடப் பார்க்காமல் ஒரு நோட்டைத் திணித்துவிட்டு மாடிப்படியை நோக்கி ஓடிவந்தார்.

"எம் பேரு அம்மிணி," என்றார் டீச்சர், எல்லோருக்கும் தெரிந்த பெயரைப் புதிதாகச் சொல்வதுபோல். குரல் துருப்பிடித்த கதவுபோலத் திறந்தது. "மொதல்ல என் நோவச் சொல்லிடறேன்."

வடிவு எழுந்து வாசலுக்குப் போனாள். மூச்சிரைக்க மூன்றாம் மாடி ஏறிய பூலோகம் நிலைக்கருகில் அவளைக் கண்டு நின்றார். அவள் வழியை மறிக்கவில்லை. கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.

"ஜெபம் நடக்கு," என்றாள். "செருப்ப வெளிய போட்டுட்டு, சத்தம் போடாம வந்து உக்காருங்க."